வாளிக்குள் விரல்

போன மாதம் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பின் மொத்த மின்சாரத்தையும் நிறுத்தியவன் நான்தான் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குடியிருப்போர் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. மகள் வாங்கி அனுப்பிய இண்டக்‌ஷன் அடுப்புதான் காரணம். அதில் திருகக் குமிழ் கிடையாது, அழுத்தப் பொத்தான் கிடையாது. கறுப்புக் கண்ணாடி, அதன்மேல் சில கோடுகள், ஒரு வட்டம், ஒரு பூட்டின் படம், அவ்வளவுதான். பால் பொங்கியது. வட்டத்தைத் தொட்டேன், அடுப்பு கீச்சென்றது. பூட்டைத் தொட்டேன், இன்னும் பலமாகக் கீச்சென்றது. பாலில் விரல் நனைந்த பிறகு நான் எதைத் தொட்டாலும் அது என்னை ஒரு மனிதனாகவே மதிக்கவில்லை. அடுப்புக்கென்று சுவரில் ஒரு ஸ்விட்ச் இருப்பது எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் நான் மாடிப்படியில் தடதடவென்று இறங்கி ஓடி, கீழே மீட்டர் அறைக்குள் புகுந்து, கைக்கு அகப்பட்ட பெரிய கைப்பிடியைக் கீழே இழுத்துவிட்டேன். லிஃப்டுக்குள் குடியிருப்புச் சங்கத்தின் பொருளாளர் காலிஃபிளவர் பையோடு நின்றுகொண்டிருந்தாராம்.

இதில் கூடுதல் கேவலம் ஒன்று உண்டு. என் வாழ்நாளின் பெரும்பகுதி நான் சம்பளம் வாங்கியதே, மின்சாதனங்களை எப்படிப் பயன்படுத்துவது என்று மற்றவர்களுக்கு எழுதிச் சொன்னதற்காகத்தான். மிக்சி வாங்கினால் பெட்டிக்குள் நாலாக மடித்த ஒரு தாள் இருக்குமே, நீங்கள் பிரித்துக்கூடப் பார்க்காமல் எறிவீர்களே, அதை எழுதியவர்களில் நானும் ஒருவன். அப்படிப்பட்டவன் ஒரு அடுப்பை அணைக்கத் தெரியாமல் கட்டடத்தையே அணைத்தேன் என்றால், அதற்குப் பெயர் அறியாமை இல்லை, பயம். பயந்தவன் ஸ்விட்சைத் தேடமாட்டான், மெயினைத்தான் தேடுவான். அதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பார்த்தது மேடத்திடம்.

புதுச்சேரி தட்டாஞ்சாவடித் தொழிற்பேட்டையில், மிக்சியும் இஸ்திரிப்பெட்டியும் செய்து கொண்டிருந்த ஒரு சின்னக் கம்பெனியில் அவர் வடிவமைப்புப் பொறியாளர். என்னைவிட வயதில் சின்னவர். ஆனாலும் எனக்கு மேலதிகாரி என்பதால் எனக்கு அவர் மேடம், என் நரைக்கு மரியாதையாக அவருக்கு நான் சார். ஊரில் பழைய கத்தோலிக்கக் குடும்பம். தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர். அதன் மிச்சமாக மேடத்தின் பயத்துக்கு இரண்டு மொழி இருந்தது. சின்னப் பயமென்றால் "மாதாவே". பெரிய பயமென்றால் "மொந்தியே" என்று பிரெஞ்சில் கடவுளைக் கூப்பிடுவார். தமிழ்க் கடவுள் கைவிட்டாலும் அங்கே ஒரு மேல்முறையீடு இருக்கிறது என்பதுபோல. இப்போது குடும்பத்தோடு பிரான்சிலேயே போய்த் தங்கிவிட்டார். எப்போதாவது அங்குள்ள லிஃப்டின் பொத்தானையோ ரயில் கதவையோ படமெடுத்து எனக்கு அனுப்புவார். கீழே ஒரே ஒரு வரி இருக்கும். அது அவர் எங்களிடம் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்ட கேள்வி: "இதால யாரு சார் சாவாங்க?"

முதல் தடவை அதைக் கேட்டபோது நான் டீயைச் சிந்தினேன். மேசைமேல் இருந்தது ஒரு டோஸ்டர். நிறம் பச்சையா நீலமா என்று பேசிக் கொண்டிருந்தோம். மேடம் மட்டும் அதன் கீழ்ப்பக்கத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரொம்பச் சாதாரணமாக, சர்க்கரை போதுமா என்று கேட்பதுபோலக் கேட்டார். முதலாளி பெருமூச்சு விட்டு, "இந்தம்மாவ வெச்சிக்கினு நாம தீப்பெட்டிகூட விக்க முடியாது" என்றார். நாங்கள் எல்லோரும் சிரித்தோம். நான் கொஞ்சம் அதிகமாகவே சிரித்தேன், நான் படித்தவன் இல்லையா.

ஆனால் அவருடைய பயம் வீட்டில் உட்கார்ந்து படும் பயம் அல்ல, ஊரெல்லாம் அலைந்து பொருள் சேர்க்கும் பயம். புது மிக்சியைத் தூக்கிக்கொண்டு காலாப்பட்டில் மீன் விற்கும் ஒரு அம்மா வீட்டுக்குப் போய், "நீங்க உங்க வேலையப் பாருங்கம்மா, நான் சும்மா ஒக்காந்திருக்கேன்" என்று சமையலறை மூலையில் அரைநாள் உட்கார்ந்துவிட்டு வந்தார். வரும்போது முகத்தில் ரத்தம் இல்லை. "கையில மீன் செதிலு சார். அதனால மூடிய முழங்கையால அமுக்குறாங்க. அந்த நேரம் பாத்து ஃபோன் வருது. குனியறாங்க. முந்தானை அப்படியே மிக்சி பக்கம் தொங்குது. மொந்தியே!" அந்த மிக்சியின் மூடியை, திருகிப் பூட்டாவிட்டால் மோட்டார் ஓடாதபடி மாற்றுகிறவரை அவர் சரியாகச் சாப்பிடவில்லை. எதனால் இப்படியொரு பயம் வந்தது என்று நான் கேட்டதில்லை. அவராகச் சொன்னதும் இல்லை. சிலருக்குப் பாட்டு வருகிற மாதிரி அவருக்குப் பயம் வந்தது.

அந்த வருஷம் கம்பெனி புதிதாக ஒரு பொருளில் இறங்கியது: வாளித் தண்ணீருக்குள் தொங்கவிட்டுச் சுடவைக்கும் ஹீட்டர் ராடு. புதுச்சேரியில் குளிர் என்று பெரிதாக ஒன்றும் இல்லை, ஆனால் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் குளியலறைத் தண்ணீர் கடிக்கும். மேடம் அதற்கு வட்டமான கறுப்புத் தலை ஒன்றை வடிவமைத்தார். தலையின் நடுவில், சின்ன வட்டக் குழிக்குள், ஒரு சிவப்பு விளக்கு. மின்சாரம் பாய்ந்தால் எரியும். "பாத்த ஒடனே கண்ணு எங்க போவுமோ அங்க வெச்சிருக்கேன் சார். ஸ்விட்ச் எங்க இருந்தாலும் பரவால்ல. வெளக்கப் பாத்தா தெரிஞ்சிடும்" என்றார். அவர் ஒரு பொருளைப் பற்றி நிம்மதியாகப் பேசி நான் கேட்டது அந்த ஒருமுறைதான். நான் என் பங்குக்குத் தாளில் எழுதினேன்: "எச்சரிக்கை! சிவப்பு விளக்கு எரியும்போது நீரைத் தொடாதீர்கள்." சுருக்கமான, கம்பீரமான வாக்கியம். ஆச்சரியக்குறி என் சொந்தச் சரக்கு. எழுதிவிட்டு இரண்டு தடவை உரக்கப் படித்துப் பார்த்துக்கொண்டேன்.

ஆயுத பூஜைக்குப் பட்டறையைக் கழுவி, வாழைக்கன்று கட்டி, இயந்திரங்களுக்கெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். முதல் தொகுதியில் வந்த ராடுகளை முதலாளி ஊழியர்களுக்குப் பொரி கடலைப் பொட்டலத்தோடு ஆளுக்கொன்றாகக் கொடுத்தார். மிச்சமிருந்தவற்றைச் சாமி படத்துக்குமுன் வரிசையாக அடுக்கினார்கள். மேடம் பூஜைக்கு வந்து பக்தியோடு ஓரமாக நின்றார், சுண்டல் வாங்கிக்கொண்டார், போய்விட்டார். நான் என் ராடை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். வீட்டில் என் மனைவி கிரைண்டர், ஃபிரிட்ஜ், கத்தரிக்கோல், என் பைக் எல்லாவற்றுக்கும் பொட்டு வைத்துக்கொண்டே வந்தாள். புதுப்பொருளைப் பொட்டு வைக்காமல் புழங்குவது எங்கள் வீட்டு வழக்கமில்லை. "இதுக்கும் வை" என்று ராடின் தலையை நீட்டிப் பிடித்தவன் நான். அவள் விரல் தடுமாறவே இல்லை. கொஞ்சம் சந்தனம், அதன்மேல் குங்குமம். பார்க்க அழகாகவே இருந்தது.

அதற்குப் பிந்தைய வாரம் மழை கொட்டியது. ஒரு வெள்ளிக்கிழமை காலை, பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்துவிட்டார்கள். என் மனைவி மழலையர் பள்ளி ஆசிரியை. அவளுக்கு லீவு, எனக்கு இல்லை, அந்த வயிற்றெரிச்சலோடு நான் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்து மழைக்கோட்டை உதறிக் கொண்டிருந்தபோது, உள்ளே சோதனை மேசையிலிருந்து சத்தம் கேட்டது. "மொந்தியே."

ஓடிப்போய்ப் பார்த்தேன். மேசைமேல் ஒரு வாளித் தண்ணீர், அதில் ஒரு ராடு தொங்கியது. தாங்குகிறதா என்று பார்ப்பதற்காகப் பூஜைக்கு முன்பிருந்தே திரும்பத் திரும்பச் சூடாக்கி ஆறவிட்டுக் கொண்டிருந்த ராடு அது. அதற்கும் யாரோ பொட்டு வைத்திருந்தார்கள். சந்தனம் காய்ந்து, விளக்கின் குழியை மூடிக் கெட்டியாகப் பிடித்திருந்தது. யாரோ ஸ்விட்சைப் போட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்கள். மேடம் வந்தார், விளக்கு எரியவில்லை என்று நினைத்தார், தண்ணீரில் கை வைக்கக் குனிந்தார். பயந்த பழக்கத்தில் கைக்கு முன்னால் டெஸ்டரை விட்டுப் பார்த்திருக்கிறார். டெஸ்டரின் வயிற்றுக்குள் இருந்த குட்டி விளக்கு ஆரஞ்சு நிறத்தில் எரிந்தது. பலமுறை சூடானதில் ராடின் முனையிலிருந்த அடைப்பு இளகி, மின்சாரம் தண்ணீரில் கசிந்து கொண்டிருந்தது.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு சுவரோரம் அடுக்கியிருந்த ராடுகளைப் பார்த்தார். எல்லாவற்றிலும் ஒரே இடத்தில், அச்சில் வார்த்ததுபோல, பொட்டு.

"சார், உங்க வீட்ல சாமி கும்பிட்டீங்களா?"

"கும்பிட்டோம் மேடம்."

"ராடுக்கு?"

"வெச்சோம்."

"அங்கயேவா?"

வெள்ளிக்கிழமை என்பது அப்போதுதான் என் மண்டையில் உறைத்தது. என் மனைவி தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளிக்கிற நாள். முத்தியால்பேட்டையில் நாங்கள் அப்போது குடியிருந்த வீடு, எர்த் கம்பி என்றால் என்ன என்று கேட்கிற பழைய வீடு. ராடைச் சொருகும் ஸ்விட்ச் சமையலறைக் கதவோரம், குளியலறை பின்கட்டில். வாளியின் முன்னால் நிற்கிறவருக்கு மின்சாரம் இருக்கிறதா இல்லையா என்று சொல்லக்கூடிய ஒரே பொருள் அந்தச் சிவப்பு விளக்குதான்.

முதலாளி உட்பட எல்லோரும் ராடு வாங்கிப்போனவர்கள் வீடுகளுக்கு ஃபோன் போட்டார்கள். எல்லோர் வீட்டிலும் எடுத்தார்கள். என் வீட்டில் மட்டும் மணி அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு ஃபோன் அடிப்பதை அதற்குமுன் நான் அவ்வளவு கவனமாகக் கேட்டதில்லை. ஒவ்வொரு மணிக்கும் நடுவில் ஒரு சின்ன இடைவெளி இருக்கிறது. அந்த இடைவெளியில்தான் என் மனைவி குளியலறைப் பக்கம் ஒவ்வொரு அடியாக நடந்தாள்.

என் பைக் மழையில் உயிரை விட்டிருந்தது. மேடம் தன் ஸ்கூட்டரை எடுத்தார். நான் பின்னால் தொற்றிக்கொண்டேன். தெருவிலே தண்ணீர், எங்கே பள்ளம் எங்கே ரோடு என்று தெரியவில்லை. கொக்கு பார்க் சிக்னலில் சிவப்பு விழுந்து நின்றோம். ஒரு வண்டியும் நகரவில்லை. மழைக்குள் அந்தச் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். ஊரே ஒரு விளக்குக்குக் கட்டுப்பட்டு நிற்கிறது, ஏனென்றால் அவ்வளவு உயரத்தில் ஏறி யாரும் பொட்டு வைக்கவில்லை. இந்த நேரத்தில் இப்படி ஒரு நினைப்பு எனக்கு வந்ததே என்று என் மீதே வெறுப்பு வந்தது. ஆனால் பயத்தில் மனம் இப்படித்தான் வேண்டாததை எல்லாம் எடுத்துக் கையில் கொடுக்கிறது.

"சார், எதனா பேசுங்க" என்றார் மேடம் திரும்பாமல்.

எனக்குப் பேச வந்தது ஒன்றே ஒன்றுதான். நான் எழுதிய வாக்கியம். சிவப்பு விளக்கு எரியும்போது நீரைத் தொடாதீர்கள். அதைச் சத்தமாகச் சொன்னேன். சொன்ன பிறகுதான் அதை முதன்முதலாகக் கேட்டேன். விளக்கு எரியாவிட்டால்? எரியாவிட்டால் தொடலாம் என்றுதானே நான் எழுதியிருக்கிறேன்? அது எச்சரிக்கை இல்லை, அனுமதி. ஆச்சரியக்குறி போட்ட அனுமதி. என் மனைவி அந்தத் தாளைப் படித்திருக்கக்கூடாது என்று நான் வேண்டிக்கொண்டேன். எழுதுகிறவன் யாரும் இப்படி வேண்டியிருக்கமாட்டான்.

மேடமும் அதைக் கேட்டார் என்று நினைக்கிறேன். "வெளக்க அங்க வெச்சது நானு சார்" என்று மட்டும் சொன்னார். பச்சை விழுந்தது.

வீட்டு வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். கதவு உள்ளே தாழிட்டிருந்தது. மணியை அழுத்தினேன், கதவை இடித்தேன், பெயர் சொல்லிக் கத்தினேன். பின்கட்டில் குழாய்த் தண்ணீர் வாளியில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது. ஜன்னல் வழியாகப் பார்த்தால் கூடத்தில் மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. மின்சாரம் இருக்கிறது. நான் பெல்லையே மறுபடி மறுபடி அழுத்திக் கொண்டிருந்தேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மேடம் என் பக்கத்தில் இல்லை. திரும்பிப் பார்த்தேன். நடைவழிச் சுவரில் மீட்டர் பலகையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். ரப்பர் செருப்பைச் சரிபார்க்காமல் ஒரு ஸ்விட்ச் பக்கம் போகாத பெண், டோஸ்டரைக்கூடத் துணி சுற்றிப் பிடிக்கிற பெண். செருப்பு எங்கேயோ தண்ணீரில் போயிருந்தது. வெறுங்காலோடு, மழை சொட்டும் கையோடு, துருப்பிடித்த அந்த மெயின் கைப்பிடியைப் பிடித்துக் கீழே இழுத்தார்.

விசிறி மெல்ல மெல்ல நின்றது. ஒரு சத்தமும் இல்லை. அந்தச் சில நொடிகளைப் பற்றி எழுத எனக்கு வேடிக்கையாக எதுவும் கைவசம் இல்லை.

பிறகு உள்ளேயிருந்து குரல் வந்தது. "யாருங்க அது? கரண்ட்டு பூட்ச்சி, பெல்லு அடிக்காது, சும்மா சும்மா அமுக்காதீங்க!"

கதவைத் திறந்தபோது தலையெல்லாம் எண்ணெய், தோளில் துண்டு. மழையும் குழாயும் போட்ட சத்தத்தில் ஃபோனும் என் கத்தலும் அவளுக்குக் கேட்கவில்லையாம். எங்கள் இருவரையும் பார்த்ததும் அவள் முகம்தான் வெளிறியது. "இன்னாங்க, ஆபீஸ்ல யாருக்காச்சும் எதனா…?"

"பக்கெட்ல கை வெச்சீங்களா?" என்றார் மேடம்.

"இப்பதாங்க மேடம். குனிஞ்சேன், பாத்ரூம்ல லைட்டு போயிடுச்சி. சரி, இருக்கிற சூடாச்சும் போதுமான்னு விரல விட்டுப் பாத்தேன். வெதுவெதுன்னுதான் இருக்குது." எண்ணெய் மினுக்கும் ஆட்காட்டி விரலைத் தூக்கிக் காட்டினாள். மேடம் அந்த விரலைப் பார்த்தார். அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவரே எழுந்துபோய், எங்களைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு மெயினைப் போட்டார். வாளித் தண்ணீரில் டெஸ்டரை விட்டார். எரிந்தது. பட்டறையில் எரிந்ததைவிட மங்கலாக, ஆனால் எரிந்தது. என் மனைவி அதைப் பார்த்துவிட்டுத் தன் விரலை மற்றக் கையால் பொத்திக்கொண்டாள். குழந்தையின் விரலைப் பொத்துவதுபோல.

"வெளக்கு தெரியலைன்னு உங்களுக்குத் தோணவே இல்லியா?" என்று மேடம் கேட்டார். குரலில் கோபம் இல்லை, கெஞ்சல் இருந்தது.

"எந்த வெளக்கு?"

மேடம் ஸ்விட்சை அணைத்து, பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ராடை வெளியே எடுத்து, சந்தனத்தை நகத்தால் சுரண்டிக் காட்டினார். என் மனைவி குனிந்து பார்த்தாள். "அட! உள்ள வெளக்கா இருக்குது? நெத்தி மாரி வட்டமா, நடுவுல குழியா இருந்திச்சா, பொட்டு வெக்கத்தான் எடம் வுட்டிருக்கீங்கன்னு நெனச்சேன் மேடம். யாரோ நல்லா யோசிச்சிப் பண்ணியிருக்காங்கன்னு இவருகிட்டகூட சொன்னனே."

சொன்னாள்தான். நானும் ஆமாம் என்று தலையாட்டியிருந்தேன்.

கொடுத்த ராடுகளையெல்லாம் திரும்ப வாங்கி மேடம் தன் கண்முன்னால் சுத்தியலால் உடைக்கவைத்தார். முனையின் அடைப்பை மாற்றினார். தலையையும் மாற்றினார். புதுத் தலையில் விளக்குகள் இரண்டு பக்கமும் விளிம்பில் இருந்தன. நெற்றி நடுவில் வெறும் குழி, எதுவுமில்லாமல். முதலாளி அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "பொட்டுக்குக் குழியா? ஒங்க சர்ச்சு ஆளுங்க வாங்கினா இன்னா பண்ணுவாங்க?" என்று சீண்டினார். "சும்மா இருக்கட்டும் சார். உயிரோட இருப்பாங்க இல்ல?" என்றார் மேடம். நான் தாளை மாற்றி எழுதினேன். பிளக்கைப் பிடுங்கிய பிறகே நீரைத் தொடவும். ஆச்சரியக்குறியை எடுத்துவிட்டேன்.

புதுத் தொகுதியில் முதல் ராடை மேடமே எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தார். என் மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள். விரல் நேராகக் குழிக்குப் போனது, பொட்டு கச்சிதமாக உட்கார்ந்தது. வாளியில் தொங்கவிட்டு ஸ்விட்சைப் போட்டோம். இரண்டு பக்கமும் சிவப்பு பளிச்சென்று எரிந்தது. மேடம் மூச்சை விட்டார். அவர் அவ்வளவு ஆழமாக மூச்சுவிட்டு அன்றுதான் கேட்டேன். நானும் பெற்ற பிள்ளையைக் காட்டுகிறவன்போல நிமிர்ந்து நின்றேன்.

என் மனைவி வாளியைச் சுற்றி வந்து பார்த்தாள்.

"கரண்ட்டு இருக்கிறது நல்லாத் தெரியுது மேடம்" என்றாள். "தண்ணி காஞ்சிச்சான்னு இது எங்கயுமே சொல்லலியே. அதுக்கு விரலத்தான வுட்டுப் பாக்கணும்?"